மழைக்காட்டு லாட்ஜில் மூன்று இரவு: தருமபுரியிலிருந்து கிளம்பும் குடும்பத்துக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி: தருமபுரியில் இருக்கிறோம். ஒகேனக்கல், அஞ்செட்டி, தளி பக்கத்துக் காடுகளைப் பார்த்திருக்கிறோம். நான், மனைவி, 9 வயது மகள், 68 வயது அப்பா. வனவிலங்கு பார்ப்பதற்கென்றே மழைக்காட்டை ஒட்டி நடத்தும் ஈகோ லாட்ஜ் ஒன்றில் தங்க ஆசை. எங்கே, எந்த மாதம், என்ன எடுத்துப் போவது? மகளுக்கு அட்டை என்றாலே பயம்.

பதில்:

இடம், மாதம் எல்லாம் பிறகு. முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டு கிளம்புங்கள். நம் பக்கத்துக் காட்டைப் பார்த்துப் பழகிய கண் மழைக்காட்டில் முதல் நாள் வேலை செய்யாது. அஞ்செட்டி, உரிகம் பக்கம் இருப்பது இலையுதிர் காடும் முட்காடும். மாசி, பங்குனியில் இலை கொட்டிவிட்டால் நூறு மீட்டர் தள்ளி நிற்கும் புள்ளிமான்கூடத் தெரியும். தண்ணீர் குறைவு என்பதால் யானையும் குட்டைக்கு வந்தே ஆக வேண்டும். மழைக்காட்டில் வருடம் முழுக்க இலை இருக்கும், வருடம் முழுக்கத் தண்ணீர் இருக்கும். மரங்கள் 30, 40 மீட்டர் உயரம். தரையில் நின்றால் பத்துப் பதினைந்து மீட்டருக்கு மேல் பார்வை போகாது. பழம், பூ, தளிர் எல்லாம் உச்சியில் இருப்பதால் அதைத் தின்னும் உயிர்களும் அங்கேதான். யானை, காட்டுமாடு, சிறுத்தை எல்லாம் உண்டு. ஆனால் அவற்றைப் பார்ப்பது பெரும்பாலும் காட்டுக்கு உள்ளே அல்ல, தேயிலைத் தோட்டம், புல்வெளி, சாலை என்று காடு முடிகிற ஓரங்களில்தான்.

அதனால் ஒரு இரவு தங்கிவிட்டு வருகிறவர்கள் "ஒண்ணுமே இல்லீங்க, வெறும் மரம்தான்" என்று சொல்வார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மழைக்காட்டில் காது முதலில், கண் அடுத்து. எந்தச் சத்தம் எந்த மரத்திலிருந்து வருகிறது என்று பிடிபடவே ஒரு நாள் ஆகும். குறைந்தது மூன்று இரவு, ஒரே இடத்தில். இரண்டு ஊரைச் சேர்த்துச் சுற்றுவதைவிட இது எப்போதும் மேல்.

காவிரிக் கரையில் நீர்மருத மரங்களில் சாம்பல் மலை அணிலைத் தேடிப் பார்த்த பழக்கம் இருந்தால் பாதி பாடம் முடிந்த மாதிரி. 2014இல் அறிவித்த காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்தில் அது உண்டு. கிளம்புவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல் போய், மரத்தின் உச்சியைப் பைனாகுலரில் பார்க்க மகளுக்குப் பழக்கிவிடுங்கள். சும்மா சொல்லவில்லை. அசைகிற கிளையைக் கண்ணால் பிடித்து, கண்ணை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு வருவது ஒரு கைப்பழக்கம். அதை அங்கே போய்க் கற்றுக்கொள்ள நேரம் இருக்காது.

இனி இடம். உங்கள் குடும்பத்துக்கு வால்பாறையைத்தான் சொல்வேன். ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்கு நடுவே, தேயிலைத் தோட்டங்களும் துண்டு துண்டான மழைக்காடுகளும் கலந்த மேட்டுநிலம் அது. காடும் வெளியும் மாறி மாறி வருவதால் முதல்முறை போகிறவர்களுக்கும் கண்ணில் படும். சிங்கவால் குரங்கு, கருமந்தி, பெரிய இருவாச்சி, மலபார் மலை அணில், காட்டுமாடு எல்லாம் இருக்கின்றன. ஆழியாறிலிருந்து ஏறும் மலைப்பாதையில் வரையாடு நிற்கும். தோட்டத்துப் பழைய பங்களாக்கள், சின்ன லாட்ஜ்கள், ஹோம்ஸ்டே என்று தங்க இடமும் பல விதம்.

பறவைதான் முக்கியம் என்றால் கேரளத்தில் கோதமங்கலம் பக்கம் தட்டேக்காடு. பெரியாற்றங்கரையில் உயரம் குறைந்த நிலத்துக் காடு, 1983இல் பறவைகள் சரணாலயமானது. பகலில் காய்ந்த இலை போல அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் தவளைவாயன் பறவையை அங்கே உள்ளூர் வழிகாட்டிகள் நேராகக் கூட்டிப் போய்க் காட்டுவார்கள். தவளை, பாம்பு, கொட்டும் மழை இதெல்லாம் வேண்டும் என்றால் கர்நாடகத்தின் ஆகும்பே. ஆண்டுக்கு 7,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர் அது. நம் மாவட்டங்களில் ஆயிரத்தைத் தொட்டாலே பெரிது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ராஜநாக ஆய்வுக்காகப் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் 2005இல் மழைக்காட்டு ஆராய்ச்சி நிலையம் தொடங்கியதும் அங்கேதான். இளைஞர்களுக்கு அருமையான இடம். 68 வயதுக்காரரைக் கூட்டிக்கொண்டு முதல் பயணமாக அங்கே போக வேண்டாம்.

டாப்சிலிப், பரம்பிக்குளம் பற்றி ஒரு வார்த்தை. இரண்டுமே நல்ல காடு, வனத்துறையின் தங்குமிடங்களும் உண்டு. ஆனால் சுற்றிலும் அதிகம் பார்ப்பது தேக்கும் இலையுதிர் காடும். பசுமைமாறாக் காடு கரியன்சோலை போலச் சில இடங்களில்தான். மழைக்காடு என்று நினைத்து அங்கே முன்பதிவு செய்துவிட்டுக் குழம்புகிறவர்கள் அதிகம்.

மாதம்: குழந்தையும் பெரியவரும் இருப்பதால் ஜனவரி முதல் மார்ச் வரை. அட்டை மிகக் குறைவு, பாதை காய்ந்திருக்கும், அதோடு இருவாச்சி கூடு வைக்கும் காலம். பெண் பறவை மரப்பொந்துக்குள் போய், தன் எச்சத்தைக் கொண்டே வாசலை அடைத்துக்கொண்டு உள்ளேயே இருக்கும். விட்டிருக்கும் கீறல் வழியாக ஆண் பறவை அத்திப்பழம் கொண்டுவந்து ஊட்டும். கூட்டுக்கு நெருக்கமாக ஆள் நின்றால் ஆண் பறவை பழத்தோடு வந்தும் இறங்காமல் திரும்பிவிடும். உள்ளே இருப்பவை பட்டினி. கூட்டுக்கு அடியிலேயே கூட்டிப்போய் நிறுத்துகிறேன் என்று ஒரு வழிகாட்டி சொன்னால் அவர் நல்ல வழிகாட்டி இல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. தவளைப் பிரியர்களுக்கு அதுதான் பொற்காலம், மற்றவர்களுக்கு நாள் முழுக்க வராந்தாதான். ஏப்ரல், மே பள்ளி விடுமுறையில் வால்பாறைச் சாலையே திருவிழாக் கூட்டமாக இருக்கும்.

லாட்ஜைத் தேர்ந்தெடுப்பதில்தான் பணம் வீணாகிறது. பெயரில் 'ஈகோ' சேர்க்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. அறைப் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். போன் செய்து ஆளோடு பேசுங்கள். காட்டு ஓரம் எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று கேளுங்கள். பத்து கிலோமீட்டர் ஜீப்பில் போனால்தான் காடு என்றால் விடிகாலை நேரம் சாலையிலேயே போய்விடும். எத்தனை அறை? பத்துப் பன்னிரண்டைத் தாண்டினால் சத்தத்துக்குப் பஞ்சம் இருக்காது. கூட்டிப் போகிறவர் யார், எந்த ஊர், எத்தனை வருடமாக? ஆனைமலைப் பகுதியில் காடர், முதுவர் சமூகத்தவருக்கு எந்த அத்தி எப்போது பழுக்கும் என்பதே தெரியும். கேரளத்தின் வாழச்சால் பக்கம் இருவாச்சிக் கூடுகளைக் கண்காணிப்பதிலேயே காடர் இளைஞர்கள் வேலை செய்கிறார்கள். நடைக்கு ஒரு வழிகாட்டியோடு எத்தனை பேர்? ஆறுக்கு மேல் வேண்டாம். பின்னால் வருகிறவருக்கு ஓடிப்போன கிளையசைவு மட்டும்தான் மிஞ்சும்.

"நைட் சஃபாரி உண்டு, காட்டுக்குள்ளே கூட்டிப் போறோம்" என்றால் அங்கேயே போனை வைத்துவிடுங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். மாட்டினால் அபராதம் உங்களுக்கும்தான். லாட்ஜ் வளாகத்துக்குள்ளேயே இரவு ஏழு மணிக்கு டார்ச்சோடு மெதுவாக ஒரு சுற்று சுற்றிக் காட்டுவது வேறு விஷயம், அது நல்லது. கேம்ப்ஃபயர், டிஜே, குரங்குக்குப் பழம் வைத்து வரவழைப்பது, பறவையை வரவைக்கப் போனில் அதன் குரலைத் திரும்பத் திரும்ப ஒலிக்க விடுவது இவையெல்லாம் இருந்தால் அது காட்டோரத்து ரிசார்ட். அதில் தங்கலாம், ஆனால் நீங்கள் கேட்பது அதையல்ல.

பணம் பேசும்போது ஒரு நபருக்கான தொகைக்குள் எது அடங்குகிறது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: மூன்று வேளைச் சாப்பாடு, வழிகாட்டிக் கூலி, ஜீப், வனத்துறை நுழைவுக் கட்டணம், கேமராக் கட்டணம். மலிவாகத் தெரியும் அறை பில்லில் உயர்வது கடைசி நான்கில்தான். மின்சாரம் எப்போது இருக்கும், வெந்நீர் எப்போது கிடைக்கும், ஜன்னலுக்குக் கொசுவலைக் கம்பி உண்டா, பக்கத்து ஆஸ்பத்திரி எத்தனை நிமிடம், அறைக்கு எத்தனை படி ஏற வேண்டும் என்பதையும் கேளுங்கள். படிக்கட்டுக் கேள்வி அப்பாவுக்காக. மலைச்சரிவில் கட்டிய லாட்ஜ்களில் சாப்பாட்டுக் கூடத்துக்கும் அறைக்கும் நடுவே அறுபது, எழுபது படி இருப்பது சாதாரணம். மழையில் அவை பாசி பிடித்து வழுக்கும்.

போகும் வழி. காரில் என்றால் சேலம், பவானி, அவிநாசி, பல்லடம், பொள்ளாச்சி, ஆழியாறு. கோவை நகரத்துக்குள் போக வேண்டாம். 300 கிலோமீட்டருக்கு மேல். காலை 5 மணிக்குக் கிளம்பினால் மதியத்துக்குள் ஆழியாறு. அங்கிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. மாலை 4 மணிக்கு மேல் ஏற ஆரம்பிக்காதீர்கள், பனி இறங்கினால் முன்னால் போகும் பஸ்ஸே தெரியாது. டீசல், பெட்ரோலைப் பொள்ளாச்சியிலேயே நிரப்புங்கள். வளைவில் ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள். தொப்பூர் கணவாயைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு பிரேக்கை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. மகளுக்கு வாந்தி வருமென்றால் மருத்துவரிடம் கேட்டு, வளைவு தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மாத்திரை கொடுங்கள். வயிற்றைப் புரட்ட ஆரம்பித்த பிறகு கொடுத்தால் மாத்திரையும் வெளியேதான் வரும். வால்பாறைக்கு இ-பாஸ் நடைமுறை வந்திருப்பதால் கிளம்பும் வாரத்தில் இணையத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். தண்ணீரைச் சில்வர் பாட்டிலில் எடுத்துப் போங்கள், சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக்கைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

ரயிலில் என்றால் பெங்களூரு - எர்ணாகுளம் இன்டர்சிட்டி ஓசூர், தருமபுரி, சேலம் வழியாகப் போகிறது. காலையில் ஏறினால் தட்டேக்காட்டுக்கு ஆலுவாவில் மாலைக்குள் இறங்கலாம், வால்பாறைக்குக் கோவையில். கிருஷ்ணகிரிக்காரர்கள் ஓசூரிலோ தருமபுரியிலோ வந்து ஏற வேண்டும்.

அட்டை. மகளின் பயத்தைச் சிரித்து ஒதுக்காதீர்கள், தெரிந்துகொண்டால் தானாகக் குறையும். நம் ஏரியில் இருக்கும் பெரிய அட்டை இல்லை இது. தீக்குச்சியைவிட மெலிந்தது, ஈர இலைச் சருகிலும் புல் நுனியிலும் இருக்கும். காலடி அதிர்வும் நம் மூச்சுக் காற்றும் உடம்புச் சூடும் அதற்குத் தெரியும். ஒரே இடத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தால் நான்கு பக்கமிருந்தும் நம்மை நோக்கி வரும். அதனால் நிற்பதாக இருந்தால் பாறை மேலோ தார்ச்சாலை மேலோ நில்லுங்கள்.

தற்காப்புக்கு அட்டை சாக்ஸ்தான் உருப்படியான வழி. நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால் வரை வரும் உறை. சாதாரண சாக்ஸுக்கு மேலே போட்டு, பேன்ட்டின் கீழ்ப்பகுதியை அதற்குள் விட்டு, நாடாவை முழங்காலுக்குக் கீழே இறுக்கி, அதன் மேல் ஷூ. சாதாரணக் கம்பளி சாக்ஸ் போதாது, பின்னலுக்கு நடுவே நுழைந்துவிடும். சாக்ஸ் மேல் மூக்குப்பொடியோ, புகையிலை ஊறிய தண்ணீரோ தடவுவது உள்ளூர் வழக்கம். வேலை செய்யும், மழையில் கரைந்தால் மறுபடி தடவ வேண்டும். வெளிர் நிறப் பேன்ட் போட்டால் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவர் காலை ஒருவர் பார்த்துச் சுண்டி விடுங்கள். மகளுக்கு அந்த வேலையைக் கொடுத்தால் அவளே கணக்கு வைக்க ஆரம்பித்துவிடுவாள்.

கடித்துவிட்டால் பிய்த்து இழுக்க வேண்டாம். மெலிந்த முனைதான் வாய். அந்த இடத்தில் தோலை லேசாக இழுத்துப் பிடித்து, விரல் நகத்தைப் பக்கவாட்டில் நுழைத்துத் தள்ளினால் பிடி விட்டுவிடும். பிறகு பருத்த முனையையும் அப்படியே தள்ளுங்கள். கடித்துக்கொண்டிருக்கும் அட்டை மேல் உப்பு, நெருப்பு வைத்தால் வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடும். இரத்தம் உறையாமல் இருக்க அது செலுத்தும் ஹிருடின் காரணமாக, சின்னக் காயமானாலும் சில மணி நேரம் கசியும். சோப்பு போட்டுக் கழுவி, பஞ்சு வைத்து அழுத்திக் கட்டினால் போதும். விஷம் இல்லை. இரண்டு மூன்று நாள் அரிக்கும், சொறிந்தால்தான் சீழ் பிடிக்கும். அப்பா ஆஸ்பிரினோ வேறு இரத்தம் இளக்கும் மாத்திரையோ சாப்பிடுகிறவரானால் கசிவு நீளும். அவருக்குத் தனியாகக் கட்டுத்துணி எடுத்து வையுங்கள்.

அட்டையைவிடக் கவனம் வேண்டியது பாம்பு. அதிலும் நம் ஊர்ப் பழக்கமே இங்கே காலை வாரும். நமக்குத் தரையைப் பார்த்து நடக்கத் தெரியும். ஆனால் மலபார் குழிவிரியன் புதரில், கிளையில், சில சமயம் கைப்பிடிக் கம்பியில், நம் இடுப்பு உயரத்திலேயே நாள்கணக்கில் அசையாமல் இருக்கும். பச்சை, மஞ்சள், பழுப்பு என்று பல நிறம், பாசிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. எனவே வழுக்கினாலும் செடியைப் பிடிக்காதீர்கள், ஊன்றுகோலைப் பிடியுங்கள். நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் தயாரித்தது. குழிவிரியன்களுக்கு அது சரியாகப் பொருந்தாது. கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குத்தான்.

யானையைப் பற்றி உங்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ராகி அறுவடைக் காலத்தில் தேன்கனிக்கோட்டைப் பக்கம் எப்படி நடமாடுகிறோமோ அதே எச்சரிக்கைதான். வால்பாறையில் முக்கிய இடங்களில் யானை பக்கத்தில் இருந்தால் எரியும்படி சிவப்பு விளக்குகள் வைத்திருக்கிறார்கள். விளக்கு எரிந்தால் அந்தப் பாதை அன்றைக்கு இல்லை. சிறுத்தை தேயிலைக்குள் இருக்கும், குறி வைப்பது சின்ன உருவத்தை. மாலை 5:30க்கு மேல் மகள் தனியாக வராந்தாவை விட்டு இறங்கக் கூடாது, பக்கத்து அறைக்குக்கூட கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

பைனாகுலர் வாங்குவதானால் 8x42, அதாவது எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் லென்ஸ் 42 மில்லிமீட்டர் அகலம். 10x42 வாங்கினால் பெரிதாகத் தெரியும் என்று கடையில் சொல்வார்கள். 42ஐ எட்டால் வகுத்தால் 5.25, பத்தால் வகுத்தால் 4.2. கண்ணுக்கு வரும் வெளிச்ச வட்டத்தின் மில்லிமீட்டர் அது. இருட்டான காட்டில் அந்த ஒரு மில்லிமீட்டர் தெரியும், கை நடுக்கமும் எட்டில் குறைவு. கேமராவை ஏசி காரிலிருந்து எடுத்தவுடன் திறந்தால் லென்ஸ் முழுக்கப் பனி படியும். பைக்குள்ளேயே அரை மணி நேரம் விடுங்கள். சிலிகா ஜெல் பொட்டலம் நாலைந்து போட்ட காற்றுப்புகாத டப்பா இல்லாமல் போனால், ஊர் திரும்பிய பிறகு லென்ஸுக்குள் பூஞ்சை நூல் ஓடியிருப்பதைப் பார்ப்பீர்கள். கொசுவுக்கும் உண்ணிக்கும் டீட் கலந்த களிம்பு தடவிய கையோடு கேமராவையோ கண்ணாடி பிரேமையோ தொடாதீர்கள், பிளாஸ்டிக்கை அது கரைக்கும். துணி காயாது. நைலான், பாலியெஸ்டர் கலந்தவை எடுத்துப் போங்கள், ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். சாக்ஸ் மட்டும் ஒரு நாளைக்கு இரண்டு ஜோடி. ஜனவரி இரவில் வால்பாறையில் நல்ல குளிர், அப்பாவுக்கு ஸ்வெட்டரும் மஃப்ளரும் கட்டாயம்.

அங்கே நாள் எப்படிப் போக வேண்டும்? 6 மணிக்கு வெளியே. அப்போது கருமந்தியின் 'ஹூ... ஹூ...' தொடங்கும், கூட்டம் எந்தப் பக்கம் என்று அதை வைத்தே தெரியும். 9 மணிக்குள் திரும்பிவிடுங்கள். நடப்பதைவிடப் பழுத்த அத்தி மரம் ஒன்றைக் கண்டுபிடித்து, முப்பது மீட்டர் தள்ளி உட்கார்ந்துவிடுவது பலன் தரும். ஒன்றரை மணி நேரத்தில் இருவாச்சி, மலை அணில், பச்சைப்புறா, குரங்கு என்று அங்கேயே வரிசையாக வரும். இருவாச்சி வருவதைச் சிறகுச் சத்தமே முன்கூட்டிச் சொல்லிவிடும், காற்றை அறுப்பது போல. அப்பாவுக்கும் இதுதான் வசதி, ஒரு மடக்கு நாற்காலி போதும். 10 முதல் 3 வரை காடு உறங்கும், நீங்களும் உறங்கலாம். 4 முதல் 6 வரை மறுபடி. வால்பாறையை ஒட்டிய புதுத்தோட்டம் எஸ்டேட் பக்கம் சிங்கவால் குரங்குகள் சாலைக்கே வரும். காரை ஓரம் கட்டி, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாருங்கள். சிப்ஸ் நீட்டுகிறவர்களால்தான் அவை சாலையில் வண்டியில் அடிபடுகின்றன.

கடைசியாக, ஊர் திரும்பிய பிறகு. ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் யாருக்காவது கடும் தலைவலியோடு காய்ச்சல் வந்தால், சாதாரணக் காய்ச்சல் மாத்திரையோடு நிறுத்தாதீர்கள். அக்குள், இடுப்பு மடிப்பு, முழங்கால் பின்புறம் எங்காவது சிகரெட் சுட்ட வடு போலக் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ஸ்க்ரப் டைஃபஸ் ஆக இருக்கலாம், புதரில் இருக்கும் நுண்ணிய சிற்றுண்ணிக் கடியால் வருவது. டாக்சிசைக்ளின் கொடுத்தால் சீக்கிரம் அடங்கும், தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும். பொருக்கு இல்லாவிட்டாலும் "போன மாதம் மழைக்காட்டில் தங்கினோம்" என்று மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள், அவர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். பின்னாளில் ஆகும்பே போனால், டிசம்பர் முதல் மே வரை அந்தச் சிவமொக்கா மாவட்டத்தில் உண்ணி வழியாக வரும் குரங்குக் காய்ச்சல் காலம் என்பதையும் நினைவில் வையுங்கள். 1957இல் அந்த மாவட்டத்துக் கியாசனூர் காட்டில்தான் அது முதலில் தெரிய வந்தது. செத்த குரங்கு கிடந்தால் கிட்டே போகாமல் வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு அந்த வழியை விட்டு விலகிவிடுங்கள்.